41 நாள் கழித்து வந்த அபராதம்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், தப்பு என்னுடையதுதான். 60 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டிய இடத்தில் 87-இல் போனேன், கேமரா பிடித்துவிட்டது. 24 நாள் கழித்து அதே இடத்தில் 84-இல் போனேன், மறுபடியும் பிடித்துவிட்டது. இரண்டு அபராதத்தையும் கட்டிவிட்டேன், ரசீது கையில் இருக்கிறது. அப்புறம் எதற்குக் கடிதம் என்று கேட்டால், அந்த இரண்டாவது அபராதம் வந்திருக்கவே வேண்டாம் என்பதற்காகத்தான். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், வெட்டுவதாக இருந்தால் என் வீட்டுக் கதையை வெட்டுங்கள், தேதிகளை மட்டும் வெட்டாதீர்கள்.

பாளையங்கோட்டையில் இருக்கிறேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தி ஓய்வுபெற்றவன். மகளை வள்ளியூருக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருப்பதால் கன்னியாகுமரி போகும் நான்கு வழிச்சாலையில் வாரம் ஒரு தடவையாவது என் பழைய கார் ஓடும். பொங்கல் முடிந்து 2025 ஜனவரி 18, சனிக்கிழமை, அப்படிப் போகும்போதுதான் முதல் தடவை. எந்த ஊர் விலக்கு என்று சொல்லவில்லை, சொன்னால் அங்கே வேலை பார்க்கிறவர்கள் மேல் பழி போட்டது போல ஆகிவிடும், பிரச்சினை அந்த ஒரு விலக்கோடு முடிவதும் இல்லை. ரோடு நெடுக எங்கெல்லாம் ஊர் வருகிறதோ அங்கெல்லாம் இதே கதைதான்.

அன்றைக்குக் கேமரா என்னைப் படம் எடுத்தது எனக்குத் தெரியாது. பளிச்சென்று வெளிச்சம் அடிக்கவில்லை, யாரும் கை காட்டி நிறுத்தவில்லை. மகள் வீட்டில் போய் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். அடுத்த வாரமும் அதே வேகத்தில் போனேன், அதற்கடுத்த வாரமும். பிப்ரவரி 11, தைப்பூசத்தன்று, பேரனைக் கூட்டிவரப் போனபோது இரண்டாவது தடவை மாட்டினேன். அதுவும் தெரியாது. இத்தனைக்கும் திருச்செந்தூர் ரோட்டில் பச்சை வேட்டி கட்டி நடந்து போகிறவர்களைக் கண்டால் காரை ஊர்ந்து போகவிடுகிற ஆள் நான். நான்கு வழிச்சாலை என்றதும் கால் தானாக அழுந்திவிடுகிறது, ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.

முதல் தடவைக்கான குறுஞ்செய்தி என் செல்லுக்கு வந்தது பிப்ரவரி 28. எண்ணிப் பார்த்தால் 41 நாள். வந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா, அழித்துவிட்டேன். ஏன் என்றால் எங்கள் தெருவிலேயே ஒரு நண்பருக்குப் போன வருஷம் இதே மாதிரி வாட்ஸ்அப்பில் ‘உங்கள் வண்டிக்கு அபராதம்’ என்று வந்தது, கூடவே செயலியை இறக்கும் ஒரு ஏபிகே கோப்பு, அதைத் தொட்டார், செல்லுக்குள் என்னவோ இறங்கியது, பேங்க் கணக்கில் இருந்த பணம் போனது. சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் போட்டுப் புகார் கொடுத்து அலைந்துகொண்டிருக்கிறார். என் செல்லில் வந்த செய்தியை அவரிடம் காட்டினேன். “அதத் தொட்டுராதேயும் வே, எடுத்துத் தூரப் போடும்” என்றார். போட்டேன். இரண்டாவது செய்தி மார்ச்சில் வந்தது, அதையும் போட்டேன், இந்தத் தடவை அவரிடம் கேட்கக்கூட இல்லை. இப்போது தெரிகிறது, இரண்டும் அசல். அசலுக்கு எந்தக் கோப்பையும் இறக்கச் சொல்லும் பழக்கம் கிடையாது, மத்திய அரசின் பரிவாகன் தளத்துக்கு நாமே போய் வண்டி நம்பரையும் சேசிஸ் நம்பரையோ இன்ஜின் நம்பரையோ போட்டுப் பார்த்தால் நம் பேரில் உள்ள செலான், அதாவது அபராதச் சீட்டு, எல்லாம் வந்துவிடும். இது எனக்கு ஏப்ரலில்தான் தெரிந்தது. அறிவியல் வாத்தியார்!

ஏப்ரலில் எப்படித் தெரிந்தது என்றால், கார் 2010-இல் வாங்கியது, 15 வருஷம் முடிகிறது, ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். வண்டியைத் துடைத்து, புது டயர் இரண்டு மாட்டி, புகைச் சான்று வாங்கி, இன்சூரன்ஸ் கட்டி, எல்லாத் தாளும் ஒரு மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனால், வெளியே கம்ப்யூட்டர் வைத்திருக்கும் தம்பி நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “சார், ரெண்டு செலான் நிக்கு. கட்டிட்டு வாங்க, பொறவு பாக்கலாம்” என்கிறான். எனக்கு முகம் செத்துவிட்டது. பின்னால் வரிசையில் நிற்பதில் மூன்று பேர் என்னிடம் படித்தவர்கள்.

வீட்டுக்கு வந்து மகனிடம் சொல்லி அந்தப் படங்களைத் திறந்து பார்த்தேன். என் வண்டிதான், சந்தேகமே வேண்டாம், பின்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வேல் ஸ்டிக்கர்கூடத் தெரிகிறது. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மாட்டினவர்கள் எல்லோரும் சொல்வது, “என் மீட்டர்ல அவ்வளவு காட்டல, கேமராதான் தப்பு” என்பது. பெரும்பாலும் அது நிற்காது. கார் மீட்டரை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டாதபடிதான் செய்கிறார்கள், கூட்டிக் காட்டினாலும் காட்டும். கேமரா 87 என்றால் என் முள் 90-ஐத் தொட்டிருக்கும். ரேடார் வேலை செய்யும் விதமும் மாயம் கிடையாது. பாளையங்கோட்டை ஸ்டேஷனில் நிற்கும்போது ரயில் நெருங்க நெருங்க ஹாரன் கீச்சென்று கேட்கிறதே, தாண்டிப் போனதும் சத்தம் கனத்துவிடுகிறதே, அதேதான், ஒலிக்குப் பதில் ரேடியோ அலை. வண்டியில் பட்டுத் திரும்பும் அலை எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்து வேகத்தைச் சொல்லிவிடுகிறது. கருவியைச் சரிபார்த்துச் சான்று வாங்கியிருக்கிறார்களா என்று கேட்கலாம், கேட்க வேண்டும், அந்தச் சான்றை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. ஆனால் என் விஷயத்தில் கருவி மேல் எனக்குக் கோபம் இல்லை.

தேதி மேல்தான் கோபம்.

2021 ஆகஸ்டில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் 167 ஏ என்று ஒன்றைச் சேர்த்தது. கேமரா, ஸ்பீடு கன் வைத்து வழக்குப் போடுவதற்கான விதி அது. குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று அப்போது அதில் இருந்தது. கேமரா இருக்கிறது என்பதை வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரிவிக்கும் பலகை முன்கூட்டியே இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. செலானோடு நம்பர் தெரியும்படி படம், கருவி அளந்த வேகம், தேதி, நேரம், இடம், எந்தப் பிரிவு, மின்னணு ஆதாரத்துக்கான சான்று, எல்லாம் வர வேண்டும். நல்ல விதி. எழுதினவர்கள் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

இப்போது என் கணக்கைப் பாருங்கள். ஜனவரி 18-இல் இருந்து 15 நாள் என்றால் பிப்ரவரி 2. அன்றைக்குள் ஒரு தபால், ஒரே ஒரு தபால் வந்திருந்தால், எங்கள் தபால்காரர் கையில் கொடுத்துவிட்டு “என்ன சார், நீங்களுமா?” என்று சிரித்திருப்பார், நான் வெட்கப்பட்டிருப்பேன், தைப்பூசத்தன்று அந்த விலக்கு வரும்போது கால் தானாக எழும்பியிருக்கும். இரண்டாவது குற்றமே நடந்திருக்காது. முதல் தப்பைச் சொல்லாமல் வைத்திருந்துவிட்டு இரண்டாவது தப்புக்கும் சேர்த்துச் சொல்வது எப்படி என்றால், பையன் முதல் பரீட்சையில் எங்கே கோட்டைவிட்டான் என்று விடைத்தாளைக் கொடுக்காமலே அடுத்த பரீட்சையையும் வைத்து, இரண்டுக்கும் சேர்த்துப் பிரம்பால் அடிப்பது போல. நான் வாத்தியாராக இருந்தபோது அப்படிச் செய்திருந்தால் பெற்றோர் வந்து சட்டையைப் பிடித்திருப்பார்கள்.

அதுவும் இரண்டாவது தடவை என்பது சின்ன விஷயம் இல்லை. 2019-இல் சட்டத்தைத் திருத்துவதற்கு முன்னால் முதல் தடவை வேகமாகப் போனதற்கு அபராதம் அதிகபட்சம் 400 ரூபாய். திருத்தத்துக்குப் பிறகு கார் மாதிரி இலகு வாகனத்துக்கு 1000-இல் இருந்து 2000 வரை, நடுத்தர, கனரக வண்டிக்கு 2000-இல் இருந்து 4000 வரை. நம் மாநிலத்தில் புது அபராதங்கள் அமலுக்கு வந்தது 2022 அக்டோபரில். இரண்டாவது தடவை அதே குற்றம் என்றால் லைசன்ஸையே பிடித்து வைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. எனக்கு ஆயிரமும் ஆயிரமும் இரண்டாயிரத்தோடு போயிற்று, பென்ஷன் வருகிறது, சமாளித்துவிட்டேன். இதே ரோட்டில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு குட்டியானை ஓட்டுகிறவர்கள், வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று மாசம் லைசன்ஸ் இல்லை என்றால் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி? தப்பு செய்தால் பிடிக்கட்டும், ஆனால் முதல் தப்பைச் சொல்லிவிட்டு இரண்டாவதைப் பிடிக்கட்டும்.

ஆர்.சி. வேலை முடிந்த பிறகு எனக்கு மனசு ஆறவில்லை. ஒரு நாள் காலையில் மனைவியையும் ஏற்றிக்கொண்டு அந்த விலக்குக்கே போனேன். 60 என்ற பலகை இருந்ததா இல்லையா என்று பார்த்துவிட வேண்டும். இருந்தது. ஒரு உடைமரத்துக்குப் பின்னால் இருந்தது. கிளை முழுக்கப் பலகை மேல் சாய்ந்து, ஆறு என்ற எண்ணின் வால் மட்டும் தெரிகிறது. கேமரா இருக்கிறது என்று சொல்லும் பலகையைத் தேடி இரண்டு பக்கமும் நடந்தேன், என் கண்ணில் படவில்லை. “பாத்தியா, பலகையே தெரியல” என்று மனைவியிடம் ஜெயித்த மாதிரி சொன்னேன். அவள் ஒரு நிமிஷம் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “தெரிஞ்சிருந்தா மட்டும் நீங்க மெதுவா போயிருப்பியளாக்கும்?” என்றாள்.

போயிருக்க மாட்டேன். உண்மை அதுதான். அதற்குத்தானே கேமரா.

அங்கே ஒரு டீக்கடை. டீ சொல்லிவிட்டு நின்றோம். எதிர்ப்பக்கம் ஒரு பெட்டிக்கடை இருந்தது, வெற்றிலை வாங்கி வருகிறேன் என்று கிளம்பினேன், நம்ப மாட்டீர்கள், ரோட்டைத் தாண்ட எனக்கு ஏழெட்டு நிமிஷம் ஆயிற்று. நடுவில் செவ்வரளி வைத்த திட்டில் ஏறி நின்றுகொண்டு, அடுத்த பாதியைத் தாண்ட தைரியம் இல்லாமல், பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் வந்த பிள்ளை மாதிரி முழித்தேன். காரை ஓட்டும்போது 87 என்பது ஒன்றுமே இல்லை, ஏசி, பாட்டு, ரோடு வெண்ணெய் மாதிரி. திட்டு மேல் நின்று பார்க்கிறவனுக்கு அது வேறு. வண்டி தூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரிகிறது, சரி இறங்கலாம் என்று ஒரு கால் வைப்பதற்குள் சத்தம் காதுக்குள் வந்துவிடுகிறது, காற்று வேட்டியை இழுக்கிறது. எனக்குப் பக்கத்தில் பீடிக்கட்டுகளைத் தூக்குப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு பெண்கள் நின்றார்கள். கம்பெனியில் கொண்டுபோய்ப் போட வேண்டும், நேரத்துக்குப் போகாவிட்டால் கட்டு எடுக்க மாட்டார்கள். அவர்கள் என் கையைப் பிடித்துத் தாண்டவைத்தார்கள். அவர்களுக்கு இது தினம் இரண்டு தடவை.

அந்தத் திட்டு மேல் நின்றபோதுதான் நான் முப்பது வருஷம் நடத்தின பாடம் எனக்கு உறைத்தது. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் என்று எத்தனை பையன்களை மனப்பாடம் செய்யவைத்திருப்பேன். 60-ஐயும் 87-ஐயும் அதில் போட்டுப் பாருங்கள். வேகம் ஒன்றரை மடங்குகூடக் கூடவில்லை, மோதும் ஆற்றல் இரண்டு மடங்குக்கு மேலே போய்விடுகிறது. 60-இல் போகிறவன் ஆளைப் பார்த்துப் பிரேக் மிதிக்க ஒரு விநாடி எடுத்தால் அதற்குள் 17 மீட்டர் போய்விடுவான், 87-இல் போனால் 24 மீட்டர். அதற்குப் பிறகுதான் பிரேக்கே வேலை செய்ய ஆரம்பிக்கும். காய்ந்த ரோடு, நல்ல டயர் என்று வைத்துக்கொண்டாலும் ஒருவன் கிட்டத்தட்ட 40 மீட்டரில் நின்றுவிடுவான், இன்னொருவனுக்கு 65, 70 மீட்டர் வேண்டும். அந்த இடைவெளியில்தான் பீடிக்கட்டுத் தூக்குப்பை நிற்கிறது. இவ்வளவுக்கும் நான் மிச்சம் பிடித்த நேரம் எவ்வளவு என்றும் கணக்குப் போட்டேன். ஊர் ஆரம்பித்து முடிய இரண்டு கிலோமீட்டர் என்றால், 60-இல் 120 விநாடி, 87-இல் 83 விநாடி. முப்பத்தேழு விநாடி. அதை வைத்துக்கொண்டு மகள் வீட்டில் நான் என்ன செய்தேன், கால் கழுவினேன்.

டீக்கடை அண்ணாச்சி சொன்னதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் என் முழு வழக்கையும் அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார். “லோக்கல் வண்டியெல்லாம் இங்கன வந்தா மெதுவாத்தான் போவாவ சார், கேமரா இருக்குன்னு தெரியும். தெரியாதவனுவதான் பறக்கானுவ.” அதாவது தெரிந்தவன் குறைக்கிறான். அப்படியானால் தெரியவைக்க என்ன செலவு? பலகை ஒன்று, தபால் ஒன்று.

நம் ஊரில் டீக்கடை தோறும் ஒரு பேச்சு இருக்கிறது, அரசாங்கம் ரோட்டோரம் உண்டியல் வைத்திருக்கிறது, வசூலுக்குத்தான் கேமரா என்று. எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. 2022-இல் தமிழ்நாட்டில் மட்டும் 64,105 சாலை விபத்துகள், 17,884 பேர் செத்தார்கள், ஒரு நாளைக்கு 49 பேர் கணக்கு. நாடு முழுக்க அந்த வருஷம் ரோட்டில் செத்தவர்களில் நூற்றுக்கு 71 பேர் அதிவேகத்தால் செத்தவர்கள் என்று மத்திய அரசின் அறிக்கையே சொல்கிறது. கேமரா வேண்டாம் என்று சொல்கிறவர் ஒரு தடவை அரசு ஆஸ்பத்திரி பிணவறை வாசலில் விடிகாலையில் போய் நின்றுவிட்டு வரட்டும். கோவையில் எலும்பு மருத்துவராக இருக்கும் எஸ்.ராஜசேகரன், ஆபரேஷன் மேசைக்கு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துத்தானோ என்னவோ, 2012-இல் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அதில்தான் கண்காணிப்புக் குழு வந்தது, வேகமாகப் போனால் மூன்று மாசமாவது லைசன்ஸை நிறுத்திவை என்ற கண்டிப்பும் அந்தக் குழு மூலம் வந்தது. கேமரா வைத்து அமல்படுத்துங்கள் என்று 2024 செப்டம்பரில் நீதிமன்றம் மாநிலங்களை நெருக்கியதும் அதே வழக்கில்தான். இது உண்டியல் வைக்கிற வேலை இல்லை.

ஆனால் உண்டியல் என்ற பேச்சை வாயடைக்க வேண்டும் என்றால் அதைச் செய்ய வேண்டியது கேமரா வைத்திருப்பவர்கள்தான். பலகையை மரத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, 41 நாள் கழித்து, திருட்டுச் செய்தி மாதிரியே இருக்கும் ஒரு செய்தியை அனுப்பினால் ஜனங்கள் வேறு என்ன நினைப்பார்கள்? விதியில் 15 நாள் என்றிருக்கிறதே, தாமதத்தைக் காட்டி நீங்கள் ஏன் எதிர்த்து வழக்காடவில்லை என்று மகன் கேட்டான். வழக்காடலாம். கோர்ட்டுக்கு அலைய வேண்டும், அதுவரை ஆர்.சி. நிற்கும், அதுவரை கார் வாசலில் நிற்கும். அதைவிட, தப்பே செய்யாதவன் மாதிரி போய் நிற்க எனக்கு வாய் வரவில்லை. அந்தத் திட்டு மேல் நின்றுவிட்டு வந்த பிறகு சுத்தமாக வரவில்லை.

இன்னொன்று, விட்டுப்போகக் கூடாது. கேமரா பார்ப்பது நம்பர் பிளேட்டை, ஓட்டுகிறவன் முகத்தை அது கண்டுகொள்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு என்று காரைக் கேட்டு வாங்கிப் போய் அவர் பறந்தாலும் நோட்டீஸ் நம் வீட்டுக்குத்தான் வரும், யார் ஓட்டினார் என்று சொல்லும் பொறுப்பும் வண்டிக்காரருக்குத்தான். இரவல் கொடுக்கிறவர்கள் மாசம் ஒரு தடவை பரிவாகனில் தங்கள் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. ஆர்.சி.யில் இருப்பது இப்போது கையில் இருக்கும் செல் நம்பர்தானா என்றும் பாருங்கள்.

கடைசியாக அந்த உடைமரம். டீக்கடை அண்ணாச்சியிடம் அருவாள் இருந்தது. “நாமளே வெட்டிருவோமா சார்?” என்றார். அரசாங்கப் பலகையை மறைக்கிற மரத்தை வெட்டினால் அதற்கும் எதுவும் அபராதம் வருமோ என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், பிறகு நானே கிளையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன், அவர் மூன்று கிளையை வெட்டினார். என் கையில் முள் ஏறியது. இப்போது 60 நன்றாகத் தெரிகிறது. ஆனால் உடைமரத்தை உங்களுக்குத் தெரியும், ஒரு மழை பெய்தால் இரண்டே மாசத்தில் மறுபடி தழைத்துவிடும். அதற்குள் சம்பந்தப்பட்டவர்கள் யாராவது இந்தக் கடிதத்தைப் படித்தால், ஒரு ஆளை அருவாளோடு அனுப்பிவைக்கவும். கேமரா இருக்கிறது என்ற பலகையையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டால் ஒரே நடையில் வேலை முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
பாளையங்கோட்டை.